இரண்டு விரல்களால் ஒரு மெட்டு

போன வருடம், குளிர் விடத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மெல்பர்னில், டண்டினொங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சமூக மண்டபம். அமெரிக்க மலைநாட்டு நடனம் ஒன்றை மாதம் ஒரு முறை அங்கே ஜோடி ஜோடியாக ஆடுவார்கள். அதற்குப் பிடிலும் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியமும் வாசிப்பவர், அப்பலாச்சியன் மலைப்பகுதியிலிருந்து வந்து இங்கே குடியேறிய பெண்மணி. வயது ஐம்பதுக்கு மேல். வார நாட்களில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்.

அதற்கு நான்கு மாதங்களுக்கு முன் கிடங்கில் பெட்டி ஒன்று சரிந்து, அவருடைய இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் மடங்காமல் போயின. இந்த முறையும் அவரால் முடியாவிட்டால் அடுத்த மாதம் முதல் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொள்வோம் என்று நடத்துபவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் கர்நாடக வயலின் கற்றவன் என்பதால், துணைக்கு வாசிக்க அவர் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

பிடிலின் நான்கு கம்பிகளையும் நாம் சேர்ப்பதுபோலவே ஸ ப ஸ ப என்று சேர்த்தார். விரல் வைக்காத கம்பிகளே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளுமாம். மெட்டு ஒரு நிமிடம்கூட வராது. எல்லோரும் சேர்ந்து அதையே திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். தனியாக யாரும் எதுவும் வாசிப்பதில்லை. இதை முதலிலேயே என்னிடம் சொல்லியிருந்தார்.

ஐந்தாவது சுற்றில் அவருடைய விரல் தடுமாறியது. தாங்கிப் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு கமகம், பிருகா என்று நான் கிளம்பிவிட்டேன். ஆடியவர்களின் அடி தப்பியது. இரண்டு ஜோடிகள் மோதிக்கொண்டன. வாசிப்பு நின்றது.

ஆடிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் முழங்காலைத் தடவிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"தம்பி, நீர் ராகம் வாசிச்சா நாங்கள் காலை எங்க வைக்கிறது? கச்சேரியை நவராத்திரிக்கு வையுமன்!"

"சாரிண்ணா."

"உம்மட சாரியை அவவிட்டச் சொல்லும்."

திரும்பினேன். பிடில் வாசித்த பெண்மணி என்னைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கர் வயரை எடுக்கப் போனவரைப் பார்த்து, "அதைத் தொடாதே, நான் இன்னும் முடிக்கவில்லை" என்றார். பிறகு என்னிடம், "என்னைக் காப்பாற்ற வேண்டாம். நான் வாசிப்பதை வாசி, போதும்" என்றார்.

மறுபடி ஆரம்பித்தார். அதே மெட்டு, அவர் வாசித்த அதே சுரங்கள், அதே வேகம். எனக்குத் தெரிந்ததையெல்லாம் உள்ளேயே வைத்துக்கொண்டு வாசிப்பது இவ்வளவு கடினம் என்று அதுவரை தெரியாது. வாசிப்பை முடிக்கும்போது அவர் ஒரு காலைத் தூக்கிக் காட்டுவார். அது அவர்கள் வழக்கம். பத்துச் சுற்றுக்கு மேல் ஆனது. என் தோள் வலித்தது. குனிந்து பார்த்தேன். அவருடைய இரண்டு கால்களும் தரையில்தான் இருந்தன. ஆடியவர்கள் மூச்சு வாங்கிச் சிரிக்கத் தொடங்கிய பிறகே வலது கால் மேலே வந்தது. வயரை எடுக்கப் போனவர் அதைச் சுருட்டி மேசைக்கு அடியில் போட்டார்.

பக்கத்தில் ஒருவர் திணறும்போது என் திறமையைக் காட்டத்தான் இன்றும் முதலில் கை போகிறது. அதை அடக்கிக்கொண்டு, அவர் செய்வதையே அவரோடு சேர்ந்து செய்ய இப்போதும் பழகிக்கொண்டிருக்கிறேன்.