இரண்டும் ஒன்றே முக்கால்தான்

எங்கள் தெரு முனையில் சைக்கிள் கடை வைத்திருப்பவரை எல்லோரும் டேப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் அளவு டேப் தொங்காமல் அவரை நான் பார்த்ததில்லை. சக்கரத்தை அளக்காமல் ஒரு டயர் கொடுக்க மாட்டார். அதிகம் பேசவும் மாட்டார். அவரைப் பற்றி எழுதினால் என் வெட்கக்கேட்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

என் அக்காவுக்கு முழங்கால் சரியாக மடங்காது. அதனால் சின்னச் சக்கரம் வைத்த தாழ்வான சைக்கிளில்தான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போகிறாள். வழியெல்லாம் சரளைக்கல். ஒல்லி டயர் வழுக்கி ஒருமுறை விழப் பார்த்தாள். "அகலமா ஒண்ணு வாங்கிப் போடுடா தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள்.

டேப்பு சக்கரத்தை அளந்தார். "இருபது இஞ்ச். ஒண்ணு புள்ளி ஏழு அஞ்சு போடலாம். நாலு நாள்ல வந்துடும்."

மேலே ஒரு டயர் தொங்கியது. இருபது இஞ்ச், ஒன்றே முக்கால் என்று போட்டிருந்தது. "அதான் இருக்கே!"

"அது வேற ரிம்முக்கு ஐயா."

நான் ஐந்தாவதோடு நின்றவன். ஆனால் கால், அரை, முக்கால் கணக்கைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கடையில் நாலைந்து பேர் வேறு நின்றார்கள். விடுவேனா? "முக்காலும் புள்ளி ஏழு அஞ்சும் ஒண்ணுதான்யா. எனக்கே கணக்கா? டேப்பைக் கழுத்துல போட்டாப் போதுமா, மண்டையில ஏதாச்சும் வேணாமா?" எல்லோரும் சிரித்தார்கள்.

"கணக்குல ஒண்ணுதான். சக்கரத்துல இல்ல" என்றார். கொடுக்கவே இல்லை.

வீம்புக்கு வேறு கடையில் அதே ஒன்றே முக்காலை வாங்கி நானே மாட்டினேன். வெறும் கையாலேயே ஏறிவிட்டது. ஆண்டவன் துணை என்று கும்பிட்டுக்கொண்டேன். பின்னத்தில் போட்ட டயரின் வட்டமே புள்ளி வைத்துப் போட்டதைவிடக் கொஞ்சம் பெரிசு, அதனால்தான் அவ்வளவு லேசாக ஏறியது என்று அப்போது புரியவில்லை. "யார்கிட்டடா வாங்கினே?" என்று அக்கா கேட்டபோது, நம்பட்டுமே என்று, "டேப்புகிட்டதான்" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை சரளையில் டயர் கழன்று, டியூப் வெடித்து, அக்கா விழுந்தாள். இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்துபோயிற்று. வண்டியை நேராக டேப்புவின் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய், வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறாள்.

"ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலடா அந்த மனுஷன். டயரைத் திருப்பிப் பார்த்தார். 'முதல்ல கையைக் கழுவுங்கம்மா'ன்னு தண்ணி மொண்டு ஊத்தினார். சரியான டயர் வந்ததும் போட்டுத் தர்றேன்னு வண்டியை வாங்கி வச்சுக்கிட்டார்."

இரண்டு நாள் கண்ணை மூடிக் கும்பிட உட்கார்ந்தால் அந்தத் தண்ணீர் மொண்ட கைதான் வந்து நின்றது. மூன்றாம் நாள் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று பார்த்தேன். கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "எங்கிட்ட சொல்லி என்னடா? நான் கத்தினதை அத்தனை பேர் கேட்டாங்க. கூட்டமா இருக்கறப்பப் போய்ச் சொல்லு" என்றாள்.

போனேன். "அது இவர் கொடுத்த டயர் இல்ல. இவர் வேணாம்னுதான் சொன்னார். நான்தான் எங்க அக்காகிட்ட பொய் சொன்னேன்."

"என்ன கணக்கு வாத்தியாரே, முக்கால் என்ன ஆச்சு?" என்றார் அன்று சிரித்தவர்களில் ஒருவர். மறுபடியும் சிரிப்பு.

டேப்பு சிரிக்கவில்லை. அக்காவின் சக்கரத்தில் புது டயரை ஏற்றிக்கொண்டிருந்தார். அது லேசில் ஏறவில்லை, நெம்பித்தான் ஏற்றினார். "அம்மாவுக்குக் கை ஆறிடுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"இன்னும் இல்ல" என்று சொல்லிவிட்டு, அவர் நெம்புவதற்குத் தோதாகச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.