குடம் நெளியாத விட்டம்

வாத்தியாராகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் நாள் எனக்கு நாண் என்றால் என்னவென்று தெரியாது. சத்தியமாகத் தெரியாது. கோயமுத்தூரில் பள்ளிக்கூடத்திலும் சரி, காலேஜில் மூன்று வருஷமும் சரி, கணக்கை இங்கிலீஷிலேயே கரைத்துக் குடித்து, முதல் வகுப்பில் பி.எஸ்சி. தேறி, டெரிலின் சட்டையும் வாரிவிட்ட சுருட்டை முடியுமாகப் பெரியநாயக்கன்பாளையத்துக்கு பஸ் ஏறியவன் நான். சர்க்கிள், ரேடியஸ், கார்டு எல்லாம் அத்துபடி. அங்கே போய் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் ஒன்றுமே புரியவில்லை. முழுக்கத் தமிழ்!

வேலை தற்காலிகம்தான். இருந்த கணக்கு வாத்தியார் நீண்ட லீவில் போயிருந்தார். திரும்பி வருவது சந்தேகம். கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருகிற அன்று என் பாடத்தைப் பார்த்து 'சரி' என்று எழுதினால் என்னையே வைத்துக்கொள்வார்கள். எழுதாவிட்டால் கணபதியில் என் மாமாவின் லேத் பட்டறை. அம்மாவின் தம்பி அவர். பம்புசெட்டுக்கு ஷாப்ட் கடைந்து கொடுப்பவர். "படிச்சு முடிச்சுட்டீல்ல மாப்ள, வந்து லேத்துல நில்லு" என்று எனக்கு அளவெடுத்து ஒரு காக்கிச் சட்டையே தைத்து ஆணியில் மாட்டி வைத்திருந்தார். அந்தச் சட்டைக்குப் பயந்துதான் நான் வாத்தியார் ஆனேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

முதல் வகுப்பில் பழக்க தோஷத்தில் "வட்டத்தின் ரேடியஸ்" என்று ஆரம்பித்தேன். பெண்கள் பெஞ்சின் ஓரத்திலிருந்து ஒரு குரல்.

"ஏனுங்க சார், ரேடியோவுங்களா?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. கேட்டவள் சிரிக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து விவசாயி வீட்டுப் பெண். எண்ணெய் வழிய இரட்டைச் சடை, பதில் வரும்வரை உட்காராத குணம். அவளால் எனக்கு ஏதோ இருக்கிறது என்று அன்றைக்கே பட்டது.

எனக்கு இங்கிலீஷ் வியாதி என்றால் தலைமை ஆசிரியருக்கு வடமொழி வியாதி. அவர் படித்த காலத்துச் சொற்கள் அப்படி. முக்கோணம் அவருக்குத் திரிகோணம், மையம் கேந்திரம், விட்டம் வியாசம். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல் என்று என் வகுப்பை அவரே எடுத்திருக்கிறார். கரும்பலகையில் ஒரு வட்டத்தைப் போட்டு, "இதுக்கு வியாசம் போடுங்க" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் அறைக்குப் போய்விட்டார். மறுநாள் நோட்டுகளைத் திறந்தால் மொத்த வகுப்பும் கட்டுரை எழுதி வைத்திருக்கிறது! 'வட்டம் மிகவும் பயனுள்ளது. தோசை வட்டமாக இருக்கும். நிலாவும் வட்டமாக இருக்கும், ஆனால் தினமும் இருக்காது.' ரேடியோக்காரி மட்டும் இரண்டே வரியில் முடித்திருந்தாள்: 'வட்டத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அது சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருகிறது.'

நோட்டுக் கட்டோடு தலைமை ஆசிரியரிடம் போனேன்.

"வியாசம்னா கட்டுரைன்னு நெனச்சுட்டாங்கய்யா."

"அட, நா சொன்னது டயாமீட்டருங்க தம்பி."

"அத இப்ப விட்டம்னு சொல்லோணுமாமுங்க."

"விட்டமா?" அவர் அண்ணாந்து ஓட்டுக் கூரையைப் பார்த்தார். சுவருக்குச் சுவர் பெரிய தேக்கு உத்தரம் ஒன்று குறுக்கே போயிருந்தது. "அது அங்கயல்லங்க இருக்குது!"

அன்றையிலிருந்து ஒரு நோட்டில் மூன்று பத்தி பிரித்தேன். முதல் பத்தியில் என் இங்கிலீஷ், நடுவில் அவருடைய வடமொழி, மூன்றாவதில் புத்தகத்துத் தமிழ். கணபதியிலிருந்து காலை பஸ்ஸில் அதுதான் எனக்கு வேதபாராயணம். மனப்பாடம் ஏறவில்லை என்றால் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். முன்னால் போகிற மாட்டு வண்டிச் சக்கரத்தில் ஆரக்கால். அட, அதுதான் ஆரம்! சக்கரத்தைத் தொட்டும் தொடாமலும் கிடக்கிற தார் ரோடு தொடுகோடு. படிக்கட்டில் காலை அகட்டி நிற்கிற கண்டக்டர் விரிகோணம். விசில் அடித்ததும் காலை ஒடுக்கினால் குறுங்கோணம். இப்படி எல்லாம் உள்ளே போய்விட்டது. வட்டத்துக்குள் குறுக்கே போகிற கோட்டுக்கு, கார்டு என்று நான் படித்ததற்கு, நாண் என்று பெயர். வில்லில் கட்டுகிற கயிறு. அது மட்டும் எத்தனை முறை படித்தாலும் பஸ் துடோர் ஸ்டாப்பைத் தாண்டுவதற்குள் கழன்று விழுந்துவிடும். போகட்டும், அதிகாரி கேட்கவா போகிறார் என்று விட்டுவிட்டேன்.

ஆய்வு நாளும் வந்தது. ஒரு வாரமாகப் பசங்களை உருப்போட வைத்திருந்தேன். 'வட்டத்தின் மையம் வழியே சென்று பரிதியின் இரு புள்ளிகளைச் சேர்க்கும் நேர்கோடு விட்டம்.' தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். அதிகாரி ஒல்லியான மனிதர்; கையில் குடை, மூக்கு நுனியில் கண்ணாடி. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். தலைமை ஆசிரியர் வாசற்படியிலேயே நின்று வேர்த்துக்கொண்டிருந்தார்.

பலகைக்கான மரக் கவராயம் கால் உடைந்து கிடந்தது. எனக்கென்ன? சாக்பீஸில் நூலைக் கட்டி, ஒரு முனையை விரலால் அழுத்தி, ஒரே சுற்று. வட்டமென்றால் வட்டம், அப்படி ஒரு வட்டம். மையத்தில் புள்ளியும் வைத்தேன். திமிர் தலைக்கேறிவிட்டது. பலகையைப் பார்க்காமல், அதிகாரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, இடமிருந்து வலமாக ஸ்டைலாக ஒரு கோடு இழுத்தேன்.

"இது என்ன?"

"விட்டமுங்க சார்ர்ர்!" கூரை அதிர்ந்தது.

அப்போது இரட்டைச் சடை எழுந்து நின்றாள்.

"அது விட்டமில்லீங்க சார்."

திரும்பிப் பார்த்தேன். என் கோடு மையத்துக்கு இரண்டு அங்குலம் மேலே, யார் வீட்டுக்கோ போவது போலப் போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்கு முன்னால் காக்கிச் சட்டை ஆடியது. ஒத்துக்கொண்டால் போச்சு. அழுத்தமாகச் சொன்னேன்:

"விட்டந்தான். நீ உக்காரு அம்மணி."

"அப்பக் கொடம் நெளியுமுங்க சார்."

வகுப்பு குலுங்கியது. கடைசி பெஞ்சிலிருந்து அதிகாரி முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"எந்தக் கொடம் கண்ணு?"

"எங்கூட்டுச் சேந்துகெணத்து மேல குறுக்க விட்டம் போட்டிருக்குதுங்க. அதுலதான் ராட்டினம் தொங்குது. விட்டம் நட்டநடுவுல போனாத்தானுங்க கொடம் நேரா எறங்கும். தள்ளிப் போச்சுன்னா செவுத்துல இடிச்சு இடிச்சு நெளிஞ்சு போயிருமுங்க. எங்கய்யன் மொதல்ல தள்ளிப் போட்டுப் போட்டாரு, எங்கம்மா திட்டித் திட்டி மாத்த வெச்சாங்க."

"இது தள்ளிப் போகுதுன்னு எப்படிச் சொல்றே?"

அவள் விடுவிடுவென்று பலகைக்கு வந்தாள். என் கையிலிருந்த நூலை, கேட்காமலே, பிடுங்கிக்கொண்டாள். "இது ஆரமுங்க. ரெண்டு ஆரஞ் சேந்தா ஒரு விட்டம்னு சார்தான் சொன்னாரு." கோட்டின் இடது முனையிலிருந்து ஒரு நூல் நீளம், அங்கிருந்து இன்னொரு நூல் நீளம். இரண்டாவது நூலின் முனை வட்டத்தைத் தாண்டி வெளியே போய் நின்றது. "பாருங்க. கோடு பத்தலீங்க."

நானே சொல்லிக்கொடுத்த விதியால் நானே மாட்டினேன். அதிகாரி குடையை ஊன்றி எழுந்து என்னிடம் வந்தார்.

"சரிங்க வாத்தியாரே, இது விட்டமில்ல. அப்ப இதுக்குப் பேரு என்னங்க?"

கார்டு! கார்டு! மண்டைக்குள் இங்கிலீஷ் மணி அடிக்கிறது. மூன்றாவது பத்தி வெறும் வெள்ளைத்தாள். வாசலில் தலைமை ஆசிரியர் வில்லை வளைப்பது போலக் கையை இழுத்து இழுத்துக் காட்டுகிறார். பார்ப்பதற்கு அவர் ஏதோ கொசு அடிப்பது போலிருந்தது. காது சூடேறி, கழுத்து சூடேறி, தலை தானாகக் குனிந்தபோதுதான் சொல் வந்து விழுந்தது.

"நாணுங்க!"

"சொல்லும் சரி," என்றார் அதிகாரி, "உங்க மொகமும் அதையேதானுங்க சொல்லுது."

போய்விட்டார். வேலை போச்சு என்று நான் முடிவே கட்டிவிட்டேன். மணி அடித்ததும் அவளைப் பிடித்தேன்.

"ஏன் அம்மணி, அவரு போன பொறவு சொல்லியிருக்கக் கூடாதா?"

"அப்பச் சொன்னா நீங்க அழிச்சுப் போட்டு, இல்லவே இல்லைன்னிருப்பீங்கல்லங்க சார்."

உண்மை. அப்படித்தான் செய்திருப்பேன்.

சாயங்காலம் தலைமை ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார். மேஜை மேல் ஆய்வுக் குறிப்பு.

"உங்களப் பத்தி வியாசமே எழுதிப்போட்டுப் போயிருக்கறாருங்க தம்பி."

"எந்த வியாசமுங்கய்யா?"

அவருக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. தாளைத் திருப்பிக் காட்டினார். 'வட்டம் சரி. விட்டம் தவறு. தவறென்று எழுந்து சொல்ல இவர் வகுப்பில் ஆள் இருக்கிறது. வைத்துக்கொள்ளலாம். பயிற்சிக் கல்லூரிக்குக் கட்டாயம் அனுப்பவும்.'

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போய் மாமாவிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"எத்தன தப்புனே?"

"ரெண்டு இஞ்சு மாமா."

"ரெண்டு இஞ்சா!" ஓடிக்கொண்டிருந்த லேத்தையே நிறுத்திவிட்டார். "இங்க ரெண்டு தௌ தப்புனாலே ஷாப்ட் உள்ள போவாது மாப்ள." பட்டறைப் பேச்சில் தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. "நீ வாத்தியாராவே இருந்துக்கோ கண்ணு. என்ற பட்டறப் பக்கம் வந்துறாதே."

எழுந்து போய் ஆணியிலிருந்து காக்கிச் சட்டையை எடுத்தார். மடித்துப் பார்க்கவில்லை, அளந்தும் பார்க்கவில்லை. காலரில் பிடித்து ஒரே இழுப்பு. நட்டநடுவில், முதுகுவழியே, சர்ரென்று கிழிந்தது. இரண்டு துண்டும் ஒரே அளவு. ஒன்றை லேத் துடைக்கப் போட்டுவிட்டு, இன்னொன்றை என் கையில் கொடுத்தார்.

"பலக தொடைக்க வெச்சுக்க."