சக்கரத்தைவிடப் பெரிய எலுமிச்சை

போன ஞாயிற்றுக்கிழமை பொம்மிடியில் ஒரு நிச்சயதார்த்தம். என் மனைவி சரோஜாவின் அக்கா மகளுக்கு. மாப்பிள்ளைக்குப் போட வேண்டிய மோதிரத்தைக் கொண்டுவந்தது யார் தெரியுமா? டிரைவரே இல்லாத ஒரு கார்!

ஒரு சாண் நீளம்தான் இருக்கும். ரேடியோவில் ஓடுகிற கார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மச்சான் லீவில் வந்தபோது கொண்டுவந்தான். கையில் ஒரு கண்ட்ரோல் பெட்டி. அதிலுள்ள குச்சியைத் தள்ளினால் கார் ஓடும். "எப்பிடிப் பறக்குது பாருங்க மாமா!" என்று காட்டினான். முன்னால் பறந்துகொண்டிருந்த காரைச் சடாரென்று ரிவர்ஸில் இழுத்தான். கர்ர்... கியரில் பாதிப் பல் காலி.

சிங்கப்பூர் திரும்பியதும் வெள்ளை பிளாஸ்டிக்கில் புது கியர் ஒரு ஜோடி தபாலில் அனுப்பினான். ஒரே ஒரு ஜோடி. அதற்குள் சரோஜா தன் அக்கா மகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள் — மோதிரம் காரில்தான் வரும் என்று!

கியரை மாட்டியதும் சரோஜாதான். தையல் மெஷினைப் பிரித்து மாட்டிப் பழகிய கை. சின்ன கியருக்கும் பெரிய கியருக்கும் நடுவே ஒரு பஸ் டிக்கெட்டை நுழைத்து, இரண்டையும் நெருக்கி, ஸ்குரூவை முடுக்கிவிட்டு டிக்கெட்டை உருவினாள். அந்த இடைவெளி போதுமாம். இறுகினாலும் ஆபத்து, தளர்ந்தாலும் ஆபத்து.

சரி, ஓட்ட வேண்டியதுதானே? விடுவாளா? பல்லோடு பல் முதலில் பழக வேண்டுமாம். காரைச் செங்கல்மேல் தூக்கி வைத்து, சக்கரம் தரையில் படாமல் மெல்லச் சுற்றவிட்டாள். பிறகு சிமென்ட் தரையில், எறும்பு முந்திக்கொண்டு போகிற வேகத்தில். நடுநடுவே நிறுத்தி, பழைய பிரஷ்ஷால் கியரில் படிந்த வெள்ளைத் தூளைத் தட்டுவாள். மோட்டார் சுடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பாள். எனக்கோ கை நமநமவென்றது.

"ஒரு ரவுண்டு வேகமா வுட்டுப் பாக்கலாமே?"

"புது ஸ்கூட்டருக்குப் பின்னால 'ரன்னிங் இன்'னு எழுதி ஒட்டிக்கிட்டு உருட்டுனீங்களே... அப்ப மட்டும் பொறுமை எங்கிருந்துங்க வந்துச்சு?"

பிரஷ்ஷை நானே எடுத்துக் கொடுத்தேன்.

நிச்சயதார்த்த நாள். பந்தலில் ஜமக்காளங்களுக்கு நடுவே பாதை விட்டாயிற்று. காரின் மேல் வெற்றிலை, வெற்றிலைமேல் மோதிரம். சரோஜா குச்சியில் விரலை வைக்கிறாள்...

"நில்லு கண்ணு!"

மாப்பிள்ளையின் அத்தை. அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம். "புதுசா கியரு போட்ட வண்டிங்கறீங்க. எலுமிச்சம்பழம் வெக்காம எடுக்கலாமா?" என்றபடி நாலு பழத்தைக் கொண்டுவந்து நாலு சக்கரத்துக்கும் முன்னால் வைத்தார்.

பழம் சக்கரத்தைவிட உயரம்! ஏற்றினால் கியர் போய்விடும். மோதிரம் பாதி வழியில் நின்றால் 'சகுனம் சரியில்லை' என்று அத்தையே எழுந்துவிடுவார். மாட்டேன் என்றாலோ, கேட்கவே வேண்டாம். கல்யாணப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

சரோஜா எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். குழம்புக்காக லேசாகத் தட்டி வைத்திருந்த சுண்டைக்காய் நாலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அத்தே, லாரி டயரு எவ்ளோ பெருசு, எலுமிச்சம்பழம் எவ்ளோ சிறுசு! அந்தக் கணக்குக்கு, இந்த டயருக்கு இதுதானுங்களே சரி?"

அத்தை குனிந்து டயரைப் பார்த்தார். சுண்டைக்காயைப் பார்த்தார். எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டார்.

"கணக்கு சரியாத்தான் இருக்குது. எடு கண்ணு!"

பொட்... பொட்! கார் லேசாகக் குலுங்கியது, நசுக்கிவிட்டு நகர்ந்தது. என்ன ஒரு சீரான ஓட்டம்! மாப்பிள்ளையின் காலடியில் போய் அலுங்காமல் நின்றது. பந்தலே கை தட்டியது. நான் விசில் அடித்தேன் — இந்த வயதில்! அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம்? இலை போட்டும் யாரும் சாப்பிட வரவில்லை. கண்ட்ரோல் பெட்டி அத்தையின் கையில். சம்பந்திகள் காலைத் தூக்கிக்கொள்ள, கார் பந்தலைச் சுற்றிச் சுற்றி வந்தது. "மெதுவாங்க அத்தே, புது கியருங்க!" என்று கத்துகிறேன். காதில் வாங்கினால்தானே?

கிளம்பும்போது அத்தை சரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு, கல்யாணத்துக்குத் தாலியும் இதுலயே வரட்டும்."

மறுநாள் காலை எங்கள் ஊர் பாப்பிரெட்டிப்பட்டி தபாலாபீஸ் திறந்ததும் முதல் ஆளாகப் போய், மச்சானுக்குத் தந்தி அடித்துவிட்டேன் — 'இன்னும் நாலு ஜோடி கியர். அவசரம்!'