எஃப் என்றால் க

லினக்ஸா விண்டோஸா என்று ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முடிவெடுத்தேன். அலுவலகத்தில் லினக்ஸில்தான் நிரல் எழுதினேன்; வீட்டிலும் அதுவே வேண்டும். ஒரே கணினியில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள் நண்பர்கள். எனக்கு அது கோழைத்தனமாகப் பட்டது.

என் மனைவி ஜனக்புரி தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. முதல் முறையாக ஆண்டுத்தேர்வு வினாத்தாளை அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். திங்கள் காலை கொடுக்க வேண்டும். வேலை நிரந்தரமாவது அதைப் பொறுத்தது.

"நாளைக்கு பேப்பர் குடுத்த பிறகு செய்யுங்களேன்" என்றாள்.

"உன் ஃபைல் ஃப்ளாப்பியில பத்திரமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, விண்டோஸை அடியோடு அழித்தேன்.

மதியம் ஃப்ளாப்பியைத் திறந்தேன். கேள்விகள் எல்லாம் இருந்தன, ஆனால் தமிழில் இல்லை. திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். அவளுடைய தமிழ் எழுத்துருவும் விண்டோஸோடு போயிருந்தது. கணினியை அசெம்பிள் செய்த இந்திக்காரக் கடைக்காரர், நாங்கள் 'பையா' என்று கூப்பிடுபவர், அவர்தான் அதைப் போட்டுக் கொடுத்தவர். போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பஸ் பிடித்துப் போனால் கடைக்குப் பூட்டு. திரும்பி வந்தேன். கையால் எழுதிய படி எதுவும் கிடையாது; அவள் நேராகத் தட்டச்சு செய்பவள்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையையும் விசைப்பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எஃப்னா க. கேன்னா ம. படிச்சிடலாம்."

தடித்த தாளில் ஒவ்வொரு எழுத்தாக எழுத ஆரம்பித்தாள். நான் வரியைக் காட்டினேன். நாற்பது கேள்விகள். ஒரு இடத்தில் நான் வரி தவறவிட்டபோது மட்டும், "ஜல்தி காட்டாதீங்க" என்றாள். விளக்கேற்றும் நேரத்துக்கு முடிந்தது.

திங்கள் மாலை வந்து செருப்பைக் கழற்றினாள். கேட்கப் பயந்து நின்றேன்.

"டைப் பண்ணலையான்னு கேட்டாங்க. அப்புறம் கையெழுத்து நல்லா இருக்கேன்னு எடுத்துக்கிட்டாங்க."

அந்த வாரமே விண்டோஸைத் திரும்பப் போட்டு, லினக்ஸைப் பக்கத்தில் வைத்து, பையாவிடம் எழுத்துருவும் வாங்கி வந்தேன். பெருமையாகக் கூப்பிட்டுக் காட்டினேன். எட்டிப் பார்த்தாள்.

"அச்சா. நீங்களே வச்சுக்கோங்க" என்றாள்.

அடுத்த மாதம் வேலை நிரந்தரமானது. அதன்பின் எத்தனையோ வினாத்தாள்கள் தயாரித்தாள், எல்லாம் கையால்தான். அந்தக் கணினி முன் அவள் மறுபடி உட்காரவே இல்லை.