நெகட்டிவ் கேட்டவர்களுக்குப் பதில் சொன்ன பரிதா அக்கா

அன்று காலை அரியலூரில் நம் பள்ளிக்கு வரும் வழியில், பெரம்பலூர் ரோட்டில் எங்கள் பஸ் இருபது நிமிடம் நின்றது. முன்னால் சுண்ணாம்புக் கல் லாரிகள் வரிசையாக நின்றன. கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஸ்கூட்டில வந்த ஒரு பொண்ணு. லாரிக்காரன் தட்டிட்டான்" என்று டிரைவரிடம் சொன்னார். முதல் பீரியடில் எனக்கு இயற்பியல் தேர்வு. இன்னும் எவ்வளவு நேரமாகுமோ என்றுதான் நான் கவலைப்பட்டேன். எழுதக் கூசுகிறது, ஆனாலும் நடந்தது அதுதான். பத்தரை மணிக்குத் தலைமையாசிரியை வகுப்புக்கே வந்து, லாரியில் அடிபட்டு இறந்த அந்தப் பெண் நம் பரிதா அக்கா என்றார்.

இந்த ஆண்டு மலரைப் படிக்கும் எல்லோரும் அவரைப் பார்த்திருப்பீர்கள். பெரம்பலூரில் அவருடைய அத்தா, அதாவது அப்பா, நடத்தும் ஸ்டுடியோவிலிருந்து வந்து நம்மையெல்லாம் வகுப்பு வகுப்பாகப் படம் எடுத்தவர் அவர்தான். "பல்லக் காட்டாட்டியும் பரவால்ல, பயத்தக் காட்டாதீங்கடி" என்பார். நாம் சிரித்த அந்த நொடியில் படம் விழுந்திருக்கும்.

நம் பள்ளியின் இணையதளத்தை அமைத்தவரும் அவரே. பழைய மாணவிகளின் குழுப் படங்களை இணையத்தில் பார்க்க வேண்டும் என்று வெளிநாடுகளில் இருக்கும் அக்காமார்கள் கேட்டிருந்தார்கள். படங்கள் நம் கணினியில் இல்லை. சென்னையில் ஒரு நிறுவனம் அவற்றைத் தன் பெட்டகத்தில் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தது. நம் இணையப் பக்கம் அந்தப் பெட்டகத்திடம் கேட்டு வாங்கிக் காட்டும். எப்படிக் கேட்பது என்பதற்கான கட்டளைகளை அந்த நிறுவனமே எழுதித் தொகுத்துக் கொடுத்திருந்தது. அந்தத் தொகுப்பை லைப்ரரி என்பார்கள். கேட்பவர் யாரென்று தெரிவதற்கு ஒரு ரகசியச் சாவியும் உண்டு. சாவி என்றால் நீளமான எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி. பள்ளி நூலகத்தின் மாணவப் பொறுப்பாளி என்பதால் படங்களுக்குப் பெயரும் ஆண்டும் எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது.

குழுப் படங்களை எல்லோரும் பார்க்கலாம். இப்போது படிக்கும் நம் தனிப்படங்களைத் தலைமையாசிரியை மட்டுமே பார்க்கலாம். அக்கா அதில் கண்டிப்பாக இருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"எங்க ஸ்டுடியோவுல பொண்ணுங்க படம் எடுத்தா, அப்பாவோ அண்ணனோ நெகட்டிவையும் கேட்டு வாங்கிட்டுத்தான் போவாங்க. அதுதான் வழக்கம். இப்ப டிஜிட்டல் கேமரால குடுக்க நெகட்டிவ் ஏது? இந்தச் சாவிதான் நெகட்டிவ்னு வச்சுக்க."

பழைய படங்களைத் தேடும் பக்கத்தை நானே எழுதுகிறேன் என்று கெஞ்சினேன். அக்கா ஒரு துண்டுச் சீட்டில் சாவியை எழுதிக் கொடுத்து, யாரிடமும் காட்டாதே என்றார். சீட்டை ஜியாமெட்ரி பாக்ஸின் அடியில் மறைத்தேன். லைப்ரரியோடு வந்த கையேட்டில் ஒரு மாதிரி இருந்தது. புத்தகத்தில் உள்ளதை ஓர் எழுத்து மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண் என்று பழகிய கை என்னுடையது. அப்படியே எழுதி, மாதிரியில் இடம் விட்டிருந்த இடத்தில் சாவியை நிரப்பி, சனிக்கிழமை பிரௌசிங் சென்டரிலிருந்து ஏற்றினேன். படங்கள் வரிசையாக வந்தன. அன்று நான் தரையில் நடக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் அதே கையேட்டின் கடைசிப் பக்கங்களைப் படித்தேன். 'மேற்கண்ட மாதிரி பயிற்சிக்கு மட்டும். ரகசியச் சாவியைப் பார்வையாளர் காணும் பக்கத்தில் எழுதக் கூடாது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு இருந்தது. மதிய இடைவேளையிலேயே சென்டருக்கு ஓடி, நம் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் மூல வரிகளைத் திறந்து பார்த்தேன். சாவி அங்கே இருந்தது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். அதை வைத்துக் கொண்டு நம் எல்லோருடைய படங்களையும் கேட்கலாம். சீட்டு மட்டும் பத்திரமாக என் பாக்ஸில் இருந்தது.

எனக்கு முதலில் நினைவு வந்தது என் பக்கத்தில் உட்காரும் வளர்மதியின் முகம். அவள் அண்ணன் படம் எடுக்கவே சம்மதிக்கவில்லை. அக்கா உறுதி சொன்ன பிறகே விட்டார். படம் வெளியே போனது தெரிந்தால் அவள் படிப்பு அதோடு நின்றுவிடும். சென்டர் வாசலில் இருந்த போன் பெட்டியில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டு அக்காவை அழைத்தேன்.

"அக்கா, சாவி வெளில தெரியுது. நான்தான் போட்டேன்."

"எப்பலேருந்து?"

"சனிக்கிழமைலேருந்து."

"சரி, போன வையி. முதல்ல பூட்ட மாத்துறேன். அழுவுறதெல்லாம் அப்பறம் வச்சுக்க" என்றார். கால் மணி நேரத்தில் என் பக்கத்தில் படங்கள் இருந்த இடமெல்லாம் வெறும் கட்டங்களாயின.

மாலையில் ஸ்கூட்டியில் வந்துவிட்டார். பெட்டகத்திடம் யார் எதைக் கேட்டார்கள் என்ற குறிப்பை அச்செடுத்துக் கொண்டு வந்திருந்தார். எங்கள் பதினொன்றாம் வகுப்புப் படங்களின் பட்டியலை யாரோ ஒருமுறை கேட்டிருந்தார்கள். படங்களையும் எடுத்தார்களா என்பது அதில் இல்லை.

தலைமையாசிரியையிடம், "இவமேல தப்பில்ல டீச்சர். எல்லாப் படத்துக்கும் ஒரே சாவிய வச்சது நானு. பழைய படத்துக்குத் தனி, பிள்ளைங்க படத்துக்குத் தனின்னு பிரிச்சிருக்கணும்" என்றார்.

"பட்டியல்தானே போச்சு. வெளில சொல்ல வேணாம் பரிதா."

"நெகட்டிவ் தொலஞ்சா ஸ்டுடியோக்காரங்கதான் வூட்டுக்குப் போயி சொல்லணும் டீச்சர். எங்க அத்தா அப்படித்தான் செய்வாரு."

மறுநாளிலிருந்து எங்கள் வகுப்புப் பெண்களின் வீடு வீடாகப் போனார். கீழப்பழுவூரில் வளர்மதி வீட்டுக்கு என்னையும் பின்னால் உட்கார வைத்துக் கொண்டார். லாரிகள் உரசுவது போலக் கடந்தபோதெல்லாம் நான் அவர் இடுப்பை இறுகப் பிடித்தேன். அவர் முதுகும் நடுங்கியது எனக்குத் தெரிந்தது.

வளர்மதியின் அண்ணன் வயலிலிருந்து வந்து, கால் கழுவாமலே வாசலில் நின்று கேட்டார்.

"யாரு பாத்தது?"

"தெரியாதுங்க."

"எத்தன பேரு?"

"அதுவும் தெரியாதுங்க. யாரும் பாக்கலன்னு சொல்லி உங்கள சமாதானப்படுத்திடலாம். அது பொய்யாப் போயிடும்."

"அப்பறம் எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"வேற யாரும் சொல்லி நீங்க கேள்விப்படக் கூடாதுங்க."

"நாளைலேருந்து இவ வரமாட்டா."

அக்கா வாதாடவில்லை. செருப்பைப் போட்டுக் கொண்டவர் திரும்பி நின்று, "தப்பு பண்ணது நாங்க. ஸ்கூல வுட்டு நிக்கிறது அவளாங்க?" என்று மட்டும் கேட்டார். உள்ளே வளர்மதி விசும்புவது கேட்டது.

ஏழு பள்ளி நாட்கள் அவள் இடம் காலியாகக் கிடந்தது. வாசலில் நிழல் விழும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன். எட்டாம் நாள் வந்தாள். "அண்ணன் ஒண்ணும் சொல்லல. காலைல சைக்கிளத் தொடச்சு வச்சிருந்துச்சு" என்றாள்.

அதன் பிறகு மாதம் ஒருமுறை அக்கா நேரிலேயே வந்து சாவியை மாற்றினார். புதுச் சாவியைப் போனில் சொல்லவோ எழுதிக் கொடுக்கவோ மறுத்துவிட்டார். அதனால்தான் பெரம்பலூரில் அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனபோது என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மாமா, அன்னிக்கு அக்கா எங்க ஸ்கூலுக்கா வந்தாங்க?"

"அரியலூர் போயிட்டு வரேன்னுச்சும்மா. எதுக்குன்னு நான் கேக்கல" என்றார் அவருடைய அத்தா.

இதை எத்தனை இரவுகள் நினைத்துக் கொண்டு படுத்திருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். என் பிழையால்தான் அந்தச் சாலையில் வந்தாரா என்பது எனக்கு என்றைக்கும் தெரியப் போவதில்லை.

இன்னொரு பயமும் இருக்கிறது. பெட்டகம் அக்காவின் பெயரில் இருந்தது. கடைசிச் சாவி யாருக்கும் தெரியாது. நம் படங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. தலைமையாசிரியை அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.

போன வாரம் வளர்மதியின் அண்ணன் அவளைச் சைக்கிளில் கொண்டு வந்து விட்டார். கேட்டில் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"அந்தப் பொண்ணு எறந்துட்டாமே. இப்ப என் தங்கச்சி படம் யாரு பொறுப்புல இருக்கு?"

பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிட வாயெடுத்தேன். வளர்மதி இன்னும் சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

"தெரியாதுங்கண்ணா" என்றேன். "டீச்சர் எழுதிக் கேட்டிருக்காங்க. பதில் வந்தா நானே உங்க வூட்டுக்கு வந்து சொல்றேன்."

அவர் காலை ஊன்றிச் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தார். பிறகு, "எறங்கு, மணி அடிக்கப் போவுது" என்றார் தங்கையிடம்.

அக்கா எடுத்த என் படம்கூட என்னிடம் இல்லை. பயந்து கொண்டே ஒரு வாசலில் நின்று உண்மையைச் சொல்லலாம் என்பது மட்டும்தான் பரிதா அக்காவிடமிருந்து எனக்கு வந்தது. அதை நான் வைத்துக் கொள்கிறேன்.