கடைசி வரியில் இருந்த நாடு

பாலேஸ்வரி எந்தக் கடிதத்தையும் அடியிலிருந்துதான் வாசிப்பாள். கொழும்புக் கோட்டையில் வெளிநாட்டுத் தபால் பிரிக்கும் கந்தோரில் இருபத்திரண்டு வருடம் இருந்தவளுக்கு வேறு எப்படி வாசிக்க வரும்? முதலில் கடைசி வரி, அதாவது நாடு. நாடு சரி என்றால் அதற்கு மேலே ஊர். ஆளின் பெயர் அவளுக்குத் தேவையே இல்லை, அது தபால்காரன் பாடு. வெள்ளவத்தை வீட்டுக்கு வரும் கலியாணக் கார்டைக்கூட அச்சகத்தின் பெயரில் தொடங்கித்தான் மாப்பிள்ளை பெயருக்கு ஏறுவாள் என்று அவளுடைய புருஷன் சண்முகலிங்கம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

உலகத்தில் எத்தனை நாடு என்று யாராவது அவளிடம் கேட்டால், "எந்த மாசத்துக் கணக்கு?" என்று திருப்பிக் கேட்பாள். பகிடி இல்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். சோவியத் உடைந்த வருடம் அதில் பதினைந்து பெயரைக் கையால் எழுதிச் சேர்த்தாள். யூகோஸ்லாவியா துண்டு துண்டாகப் போனபோது ஒட்ட இடம் இல்லாமல் பக்கத்தில் வேறு கடதாசி வைத்தாள். தொண்ணூற்றேழில் சயீரை வெட்டிவிட்டுக் கொங்கோ என்று எழுதினாள். சைப்பிரஸின் வடக்குப் பாதிக்குக் கடிதம் போவதென்றால் துருக்கியில் உள்ள மெர்சின் என்ற ஊரையும் பத்தாம் இலக்கத்தையும் போட வேண்டும், இல்லாவிட்டால் போய்ச் சேராது. அங்கே சனம் இருக்கிறது, வீடு இருக்கிறது, கொடியும் பறக்கிறது. துருக்கியைத் தவிர ஒருவரும் அதை நாடு என்று ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல, கடித உறைகளில் படித்தது.

தபால் பை தூக்கும் அழகுமுத்து கிராண்ட்பாஸிலிருந்து வருபவன். மலையகத்து ஹற்றன் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த அவன் ஒருநாள் அந்தப் பட்டியலை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நம்ம நாடு எதுங்க மிஸ்? பிரஜாவுரிமைக்கு இந்தக் கந்தோர்ல போனா இந்தியாங்கறான், அந்தக் கந்தோர்ல போனா சிலோனுங்கறான்," என்றான். பாலேஸ்வரி பட்டியலை அடியிலிருந்து மேலே ஒருதரம் பார்த்தாள். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தாள்.

இனி விஷயத்துக்கு வருவோம். கனடா, ஜேர்மனி, சுவிஸ் என்று போன எங்கள் பொடியன்கள் இருக்கிறார்களே, அவர்களில் சிலர் தாய்க்கு எழுதும் கடிதத்தில் கடைசி வரியாகத் தமிழீழம் என்று ஆங்கிலத்தில் எழுதி, அடியில் கோடும் போட்டு அனுப்புவார்கள். வீரம் எல்லாம் உறையில்தான்! அந்தக் கடிதம் எங்கெங்கோ சுற்றி, யாழ்ப்பாணம் என்ற பெயரைக் கண்டு யாரோ புண்ணியவான் கொழும்புக்குத் தள்ளிவிட, பாலேஸ்வரியின் மேசைக்கு வந்து சேரும். பட்டியலில் இல்லாத நாடு என்றால் அனுப்பியவருக்கே திருப்ப வேண்டும். திருப்புகிறவர் முத்திரை குத்தி, பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளையும் போட வேண்டும்.

பாலேஸ்வரி திருப்பவில்லை. "விசரன்கள், கொம்மா பாத்துக்கொண்டிருக்கிறா, உனக்கு இப்ப நாடு கேக்குதோ?" என்று முணுமுணுத்துக்கொண்டே வெள்ளைக் கடதாசியில் மெல்லிய துண்டு வெட்டுவாள். அந்த வரியின் மேல் ஒட்டுவாள். அதில் சிறீலங்கா என்று எழுதி, யாழ்ப்பாணப் பையில் போட்டுவிடுவாள். கொள்கையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கடிதம் என்றால் போய்ச் சேர வேண்டும். ஐந்து வருடம் இப்படியே நடந்தது.

தொண்ணூற்றாறு கார்த்திகை மழையில் பிடிபட்டாள். கந்தோர்க் கூரை ஒழுகி ஒரு பை நனைந்தது. அதிலிருந்த கடிதம் ஒன்றில் பசை விட்டு, துண்டு கழன்று தொங்கியது. மேலதிகாரி குணதிலக்க அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மனிதர் கெட்டவர் அல்ல. கொலன்னாவையில் வீடு, இரண்டு பெண் பிள்ளைகள், இன்னும் மூன்று வருடத்தில் பென்சன்.

"பாலா மிஸ், இது எங்கே போய் முடியும் என்று தெரியுமா?" என்று சிங்களத்தில் கேட்டார். "இந்தப் பெயரை மறைத்து அனுப்பியது ஒரு தமிழ் ஆள் என்று மேலே போனால், உங்களையும் கூட்டிப் போவார்கள், என்னையும் கூட்டிப் போவார்கள். இந்த ஒன்றை நான் காணவில்லை. இனிமேல் ஒட்டமாட்டேன் என்று சொல்லுங்கள்."

பாலேஸ்வரி சொன்னாள். சொன்னால் சொன்னதுதான், அவள் அப்படிப்பட்ட பிறவி. அன்றிலிருந்து அந்தப் பெயரைக் கடைசி வரியில் கண்டால் கண்ணை மேலே உயர்த்தவே மாட்டாள். ஊரையும் பெயரையும் வாசித்தால் கை வராது என்று அவளுக்குத் தெரியும். முத்திரையைக் குத்தி, பா.ச. என்று கிறுக்கி, திருப்பும் பெட்டிக்குள் எறிந்துவிடுவாள்.

இந்த நேரத்தில்தான் அக்காவின் கடிதங்கள் வரத் தொடங்கின. அக்கா ஜெகதீஸ்வரி கொக்குவிலில் இருந்தாள். ஊரோடு இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் அலைந்து திரும்பி வந்தவள், புருஷனும் இல்லை. ஒரே மகன் சுகிர்தன் சுவிஸில். போவதற்கு முன் வெள்ளவத்தையில் சின்னம்மா வீட்டில் நாலு மாதம் இருந்துவிட்டுப் போனவன்தான். போகும்போது, "நீங்கள் அரசாங்கத்தின்ர ஆள் சின்னம்மா," என்று கோபித்துக்கொண்டு போனான், அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு வரியும் எழுதவில்லை. தாய்க்கு மட்டும் ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்தான். அதுவும் திடீரென்று நின்றுபோயிற்று.

"பாலேசு, உன்ர கையாலதானே எல்லாக் கடிதமும் போகுது, என்ர பிள்ளையின்ரய மட்டும் காணேல்லையோ?" என்று போரில் தரைப்பாதை மூடியிருந்ததால் யாழ்ப்பாணத் தபாலைக் கொண்டுவரும் கப்பல் வரும்போதெல்லாம் அக்கா எழுதினாள். ஐந்தாம் மாதம் பாலேஸ்வரி ஒரு பொய் சொன்னாள். சுவிஸிலிருந்து வந்த ஒருவர் அவனைக் கண்டாராம், சுகமாம் என்று எழுதிவிட்டாள். அக்கா லேசுப்பட்டவளா? ஆளின் பெயரைக் கேட்டு எழுதினாள், பொய் பிடிபட்டது. "இனி ஆர் சொன்னாலும் நம்பமாட்டன். அவன்ர கையெழுத்தைக் கண்டாத்தான் அவன் உயிரோட இருக்கிறான் எண்டு அர்த்தம். எனக்குச் சோறு இறங்குதில்லை," என்று பதில் வந்தது. சுவிஸ் பை வரும் நாட்களில் சிறீலங்கா என்று முடியும் கடிதம் ஒவ்வொன்றிலும் கொக்குவில் இருக்கிறதா என்று பாலேஸ்வரி தேடினாள். பதினொரு மாதம் தேடினாள்.

தொண்ணூற்றேழு ஐப்பசியில் ஒரு பின்னேரம், திருப்பும் கடிதங்களைக் கட்டிக்கொண்டிருந்த அழகுமுத்துவின் கையில் நூல் அறுந்து எல்லாம் நிலத்தில் சிதறின. "ஐயோ கடவுளே!" என்று அவன் தலையில் கைவைக்க, பாலேஸ்வரியும் குனிந்து பொறுக்கினாள். அவள் காலடியில் ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அனுப்பியவர் பெயர்: சுகிர்தன், பேர்ண், சுவிஸ்.

புரட்டிப் பார்த்தாள். அதே உறையைத்தான் திரும்பத் திரும்பப் புது முத்திரை ஒட்டி அனுப்பியிருக்கிறான் பிடிவாதக்காரன். தமிழீழம் என்ற வரிக்கு அடியில் மூன்று கோடு. அதைச் சுற்றித் திருப்பி அனுப்பிய முத்திரை மூன்று. மூன்றுக்கும் பக்கத்தில் பா.ச., பா.ச., பா.ச. கடைசியானது அன்று காலையில் போட்டது. முன்பு அக்காவிடம் ஒழுங்காகப் போனவையும் பெயர் பார்க்காமல் அவள் துண்டு ஒட்டி அனுப்பியவைதான்.

பாலேஸ்வரி நிலத்திலேயே இருந்துவிட்டாள். "மிஸ், தண்ணி தரட்டுங்களா?" என்று அழகுமுத்து பதறினான். அவள் வாய்விட்டு, மற்ற மேசைக்காரர் எழும்பிப் பார்க்கும்படி அழுதாள். அக்காவைப் பட்டினி போட்டது அரசாங்கமும் அல்ல, இயக்கமும் அல்ல, தன்னுடைய கைதான் என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

ஒட்டவும் முடியாது, வாக்குக் கொடுத்தாயிற்று. சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போகலாம்தான். ஆனால் கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸால் இறக்கிக் கைப்பையைக் கொட்டி, உடம்பையும் தடவிப் பார்ப்பார்கள், அந்தப் பெயரோடு பிடிபட்டால் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து சண்முகலிங்கத்தையும் தூக்குவார்கள். அதோடு தபாலைத் திருடுவது என்பது அவளுக்கு ஒத்துவராத காரியம். முகத்தைக் கழுவிவிட்டுக் கடிதத்தோடு நேரே குணதிலக்கவின் அறைக்குப் போனாள்.

"சேர், இது என் அக்காவின் மகனுடைய கடிதம். மூன்று தரம் நானே திருப்பியிருக்கிறேன்."

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். முகம் வாடிற்று. "பாவம்தான். ஆனால் நாடு பட்டியலில் இல்லையே மிஸ். நான் என்ன செய்ய?"

"கொக்குவில் எந்த நாட்டில் இருக்கிறது சேர்?"

"இது என்ன கேள்வி? இலங்கையில்தான்."

"இலங்கையில் இருக்கிற ஊருக்கு வந்த கடிதத்தை, அப்படி ஒரு இடம் எங்களிடம் இல்லை என்று முத்திரை குத்தித் திருப்புகிறோம். ஒரு வருடமாகத் திருப்புகிறோம். யாழ்ப்பாணம் எங்களுடையது இல்லை என்று இந்தக் கந்தோரே எழுதிக் கொடுக்கிறமாதிரி அல்லவா? அந்தப் பொடியன்கள் சொல்லுவதும் அதுதானே?"

குணதிலக்க நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "என்னை மாட்டிவிடப் பார்க்கிறீர்களா?" என்று சத்தம் போட்டார். பாலேஸ்வரி அசையவில்லை. கொக்குவில் யாருடையது என்று அவளுக்கு ஒரு அபிப்பிராயமும் இருக்கவில்லை. அந்த வார்த்தைகள் வாயில் கசந்தன என்பதும், சுகிர்தன் கேட்டிருந்தால் துரோகி என்றிருப்பான் என்பதும் அவளுக்கு நன்றாகவே தெரியும். அக்கா சாப்பிட வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

அவர் யன்னலுக்கும் மேசைக்கும் இரண்டு தரம் நடந்தார். பிறகு உட்கார்ந்து சிவப்புப் பேனையை எடுத்தார். கடைசி வரியை நேராக ஒரு கோட்டால் வெட்டி, சிறீலங்கா என்று எழுதி, "பிழையான விலாசம், திருத்தப்பட்டது" என்று போட்டுக் கையெழுத்தும் வைத்துத் தன் பதவி முத்திரையையும் குத்தினார். மறைப்பது குற்றம், திருத்துவது அதிகாரியின் வேலை என்று தனக்கே சொல்வதுபோலச் சொன்னார். "அந்தப் பெட்டியில் இருக்கிற மிச்சத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள்." கந்தோர் மூடும்வரை சிவப்புப் பேனையும் கையுமாக இருந்தார்.

அன்றிரவே பாலேஸ்வரி பேர்ணுக்கு எழுதினாள். "சுகிர்தன், உன்ர கடிதத்தை மூன்று தரம் திருப்பினது நான்தான். பேரைப் பாக்காமத் திருப்பினனான். நீ எழுதின நாட்டை வெட்டச் சொன்னதும் நான்தான். எனக்கு என்ன வேணுமெண்டாலும் சொல்லி ஏசு. கொம்மா பதினொரு மாசமாச் சரியாச் சாப்பிடேல்லை, அதை மட்டும் யோசி."

அக்காவிடமிருந்து தை மாதத்துக் கப்பலில் பதில் வந்தது. மகனின் கையெழுத்தைக் கண்டாளாம், அழுதாளாம், பிறகு உலை வைத்தாளாம். சிவப்புக் கோட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

சுகிர்தன் சின்னம்மாவுக்குப் பதிலே போடவில்லை. மாசிக் கடைசியில், சுவிஸ் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வழக்கம்போல அடியைப் பார்த்த பாலேஸ்வரி ஒரு கணம் தடுமாறிப்போனாள். அடியில் யாழ்ப்பாணம் என்று இருந்தது. அதற்கு மேலே கொக்குவில், அதற்கு மேலே அக்காவின் பெயர். நாட்டின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் அவன் ஒன்றுமே எழுதவில்லை. இதையும் எப்படியோ யாரோ கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். பாலேஸ்வரி பேனையை எடுத்தாள், பிறகு மூடி வைத்துவிட்டாள். கடிதத்தை அப்படியே யாழ்ப்பாணப் பையில் போட்டாள்.