மாப்பிள்ளையின் மூச்சுக்கு ஒரு மலை

கல்முனையில் பிறந்தவனுக்கு மலை எதற்கு? எங்கள் ஊரில் உயரம் என்றால் பள்ளிவாசல் மினாராவும் தண்ணீர்த் தாங்கியும்தான். மேற்கே வயல், கிழக்கே கடல், நடுவில் பந்தை வைத்தால் உருளாத தட்டை நிலம். அந்த ஊரில் நாற்பத்திரண்டு வயதில், வயிறு முன்னே போக நான் பின்னே போகும் ஒரு கணித வாத்தி, மூன்று வாரம் உட்கார்ந்து மலையேற்றத்துக்குத் திட்டம் போட்டேன். ஒரு பொடியனின் நெஞ்சைச் சோதித்துப் பார்ப்பதற்காக.

விசயம் இதுதான். என் மனைவியின் கடைசித் தங்கைக்கு அடுத்த ஊரில் மாப்பிள்ளை பேசி முடிவாகியிருந்தது. படித்தவன், பொறியியலாளன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான்; மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவான். மாமனார் தன் காணியின் பின்பக்கம் கடைசி மகளுக்கு வீடு கட்டி, டைல்ஸும் பதித்துவிட்டார். அப்போது பார்த்து யாரோ அவர் காதில் ஊதிவிட்டார்கள்: பொடியனுக்கு முட்டு வருத்தமாம், சின்ன வயதில் மூச்சு இழுத்து இழுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தவனாம்.

மூத்த மருமகன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்.

"நேர கேக்க ஏலா, மருமகன். கேட்டா மானக்கேடு. கேட்டாலும் இல்லயெண்டுதான் சொல்லுவாங்க. நீங்க என்னமாச்சும் செஞ்சு பாருங்க."

"மலைக்குக் கூட்டிப் போவமா, மாமா? ஏத்தத்துல தெரிஞ்சிரும்."

"அடே! படிச்ச மனிசன்ட மூள வேற மூளதான்" என்று சிரித்தார்.

மாமாவின் மேல் பழி போடமாட்டேன். யோசனை என்னுடையது. ஏன் அப்படி ஒரு யோசனை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினான்கு வருடமாக அந்த வீட்டில் அறுக்குளா மீன் பொரித்தால் நடுத்துண்டு என் பீங்கானுக்குத்தான் வரும். அந்தப் பொடியன் விருந்துக்கு வந்த அன்று மாமி நடுத்துண்டை அவனுக்கு வைத்தார். எனக்கு வால். சீ, இதற்குமா ஒருவன் பொறாமைப்படுவான் என்று கேட்பீர்கள். பட்டேனே!

சதுர ரூல் கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மலைப் பாதைகளை இணையத்தில் மூன்றாகப் பிரித்திருந்தார்கள்: இலேசு, நடுத்தரம், கடினம். இலேசென்றால் ஆஸ்பத்திரியில் கிடந்தவனும் ஏறிவிடுவான், ஒன்றும் தெரியாது. கடினமென்றால் நானே ஏறமாட்டேன். நடுத்தரத்தைத் தேர்ந்தேன். மஹியங்கனைக்கு அப்பால், காடு மூடிய இரண்டு சிகரங்கள். ஒன்றில் ஏறி, மரங்களுக்குள்ளால் மலையின் முதுகு வழியே நடந்து, மற்றதில் ஏறி இறங்கினால் ஒரு பகலில் முடிந்துவிடும். குளிரில்தான் முட்டு கிளம்பும் என்று விசாரித்து அறிந்து, பனி விலகாத பெப்ரவரியைப் பார்த்து நாள் குறித்தேன். முதல் நாளே போய் அடிவாரத்தில் தங்கி, விடியமுன் சுபஹ் தொழுத கையோடு ஏறுவது. தண்ணீர், பேரீச்சம்பழம், சோற்றுப் பார்சல், அட்டைக்கடிக்குச் சவர்க்காரமும் தேசிக்காயும். இளைப்பாறும் இடங்களுக்கும் ஒரு நிரல் கீறினேன். முதற்சிகரம் வரைக்கும் அந்த நிரலை வெறுமையாக விட்டேன்; அதுவரை அவனை உட்காரவிடுவதாக இல்லை.

நானும் என் சகலனும், அதாவது இரண்டாவது மருமகனும், இரண்டு வாரம் பின்னேரம் அஸர் தொழுதபின் கடற்கரை மணலில் நடந்து காலைப் பழக்கினோம். பொடியனுக்குப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்னர்தான் சொன்னேன்.

"சும்மா ஒரு ட்ரிப், தம்பி. நாம பழகிக்கொள்ளத்தானே."

"ஓம் காக்கா, வாறன்" என்றான். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

அன்று விடிய மலை தெரியவில்லை, பனிப்புகார்தான் தெரிந்தது. நான் முன்னால், அவன் நடுவில், சகலன் பின்னால். வேகமாக நடந்தேன். என் மூச்சே வாய்க்கு வந்தது, ஆனாலும் நிற்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் காதைத் தீட்டிக்கொண்டு பின்னால் கேட்டேன். நடக்க நடக்க அவனோடு கதையும் கொடுத்தேன், பதில் சொல்லும்போது மூச்சுப் பிடிபடும் என்று. "என்ன தம்பி, குளிரா?" "இல்ல காக்கா." "களைப்பா?" "இல்ல." பதில்கள் சின்னதாகிக்கொண்டே வந்தன. எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது, அல்லாஹ் மன்னிக்கட்டும்.

முதற்சிகரத்தில் சகலன் கல்லில் மல்லாந்துவிட்டான். பொடியன் உதடு வெளிறிப்போய்ச் சிரித்தான். "ஒண்டுக்குப் போயிட்டு வாறன்" என்று மரங்களுக்குள் போனான். நான் விடுவேனா? பின்னால் போனேன். ஒரு மரத்தில் சாய்ந்து நின்று இன்ஹேலரை வாயில் வைத்து அடித்துக்கொண்டிருந்தான். திரும்பியவன் என்னைக் கண்டான்.

"சோதிக்கத்தானே கூட்டி வந்தீங்க, காக்கா? எனக்குத் தெரியும். வராம விட்டா அதையே காரணமாச் சொல்லுவீங்க" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. "குளிருக்கு மட்டுந்தான் வாற. மருந்தடிச்சா நிண்டிரும். உங்கட ஊட்டுல சொல்லாதீங்க."

"சே, என்ன கத தம்பி இது! நான் ஏன் சொல்லப்போறன்?" என்று தோளில் கை போட்டேன். கை தோளில் இருக்கும்போதே, மாமாவிடம் எந்தச் சொல்லில் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் சிகரத்தில் இருந்து இறங்கும்போது வேரொன்றில் கால் மாட்டி என் முழங்கால் பிரண்டது. ஊன்ற முடியவில்லை. சகலன் பார்சல் பையோடு எங்கோ முன்னால் போய்விட்டான், கூப்பிட்டும் கேட்கவில்லை. பொடியன் என் பையைத் தன் முதுகில் மாட்டினான்; என் கையை எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டான். அந்த வயிற்றையும் உடம்பையும் இரண்டு மணித்தியாலம் சுமந்து இறக்கினான். என் காதோரத்தில் அவன் நெஞ்சு விசிலடித்தது. நிற்கும் இடத்திலெல்லாம் முதலில் எனக்குத் தண்ணீர் தருவான், பிறகு அப்பால் போய் மருந்தடிப்பான். அடிவாரத்தில் என் சப்பாத்தைக் கழற்றி, கணுக்காலில் ஊதிக் கிடந்த அட்டைகளைத் தேசிக்காய் பிழிந்து அவனே விழுத்தினான்.

மறுநாள் மாமா வந்தார். நான் கட்டுப் போட்ட காலைக் கதிரையில் நீட்டியிருந்தேன்.

"இரிக்கி, மாமா. கண்ணால கண்டன். இன்ஹேலர் வெச்சிரிக்கான்."

"எத்தின தரம் அடிச்சான்?"

"பத்துத் தரமாச்சும் அடிச்சிருப்பான்."

பொய்யில்லை. அதில் ஒன்பது தரம் என்னைச் சுமந்ததால் அடித்தது. அதை நான் சொல்லவில்லை.

அந்த வாரமே பேச்சு முறிந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு சம்பந்தம் வேண்டாமென்றால் காரணம் தேடி அலையத் தேவையில்லை. "இஸ்திகாரா தொழுது பாத்தம், மனசு ஒப்பல்ல" என்றால் போதும். நல்லது எதுவென்று அல்லாஹ்விடம் கேட்டுத் தொழும் தொழுகை அது. எதிர்த்து ஒருவரும் கதைக்கமாட்டார்கள். மாமா அப்படித்தான் சொல்லி அனுப்பினார். அந்த வீட்டில் யாரும் அதைத் தொழுததாக நான் காணவில்லை. வெள்ளிக்கிழமை மாமி அறுக்குளா பொரித்தார். நடுத்துண்டு எனக்கு வந்தது. சாப்பிட்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். கடைசி மச்சினி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நான் கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வரும்போது அவளுக்கு ஒன்பது வயது. அவளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவன் நான்.

"முழங்கால் எப்பிடி, மச்சான்?"

"பரவால்ல."

"அவருக்கு முட்டு இரிக்கெண்டு எனக்குத் தெரியும். முதல் நாள் கதைக்கக்குள்ளயே சொன்னவர். எனக்கு அது ஒரு விசயமே இல்ல."

நான் முழங்காலைத் தடவிக்கொண்டேன்.

"மலைக்குப் போகாதீங்க, அது சோதன எண்டு நான்தான் சொன்னன். கேக்கல்ல. இறங்கி வரக்குள்ள எனக்கு வொய்ஸ் ஒண்டு அனுப்பினவர்."

போனை மேசையில் வைத்து அதைப் போட்டாள். மூச்சை இழுத்து இழுத்துத்தான் கதைத்தான். "உங்கட மச்சான் கண்டுட்டார். பயப்புடாதீங்க. நல்ல மனிசன், சொல்ல மாட்டார்." பின்னால், தூரத்தில் இருந்து, என் குரலும் கேட்டது. "தம்பி, எங்க போறீங்க? என்னை விட்டுட்டுப் போயிராதீங்க."

அவள் போனை எடுத்துக்கொண்டாள். "தேத்தண்ணி ஆறுது மச்சான், குடிங்க" என்றாள்.